கம்பி தடிக்கும் ஜன்னல்

“அம்மா, கை போக மாட்டேங்குது.”

படுக்கையறையிலிருந்து வாண்டுவின் குரல் வந்தபோது அவள் சமையலறை மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பால் பொங்குவதற்காகக் காத்து நின்றாள். நின்றாள் என்பதைவிட, மேடை அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் நியாயம். காலை ஆறரை மணி. எட்டு மணி நேரம் முழுசாகத் தூங்கி எழுந்தவள்தான். ஆனாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாலு மாதமாக இதே கதை.

“என்னடி போகலை?”

“கம்பிக்கு நடுவுல. கர்சீப் வெளியில தொங்குதும்மா, எடுக்க வரலை.”

அந்த வீட்டில் துணி உலர்த்த மொட்டைமாடியெல்லாம் கிடையாது. இரண்டாவது மாடியில் இரண்டே அறை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தது. கர்சீப், சாக்ஸ் மாதிரிச் சின்னத் துணிகளை கிரில் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் போட வேண்டும், எடுக்க வேண்டும். அது வாண்டுவின் வேலை. எட்டு வயதுக் கை தோள்பட்டை வரைக்கும் சுலபமாகப் போய்விட்டு வரும். போன வாரம்கூடப் போனது.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். வாண்டு கையை நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே கம்பியில் இடித்துக்கொண்டு நின்றாள்.

“வளர்ந்துட்டே, அதான்” என்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவள் கண் மகளின் இடுப்பில் போய் நின்றது. பள்ளிக்கூடப் பாவாடை நழுவாமல் இருக்க நேற்றுத்தான் இரண்டாவது ஊக்குக் குத்தியிருந்தாள். வளர்கிற பிள்ளைக்கு ஊக்கு எதற்கு? கேள்வி வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. நின்று யோசிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. குடைக் கம்பியை வெளியே நீட்டி கர்சீப்பை இழுத்து எடுத்தாள். பழைய சாவியை ரொம்ப நேரம் கைக்குள் மூடி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை அதிலிருந்து அடித்தது. மறுபடி துவைக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படியே மடித்து மகளின் பையில் வைத்தாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், உலோகப் பிரிவில். மனுஷ உடம்புக்குள் இரும்பு இருக்கிறது, செம்பு இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இரும்பை மட்டும் பிரித்து எடுத்தால் நல்லதாக ஒரு ஆணி அடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆணி கொஞ்சம் தேய்ந்தால் ஆள் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவான். கொஞ்சம் பெருத்தால் ஈரல் கெட்டுப்போகும். செம்பு தேங்கினால் கை நடுங்கும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். துத்தநாகம் குறைந்தால் புண் ஆறாது, வாய்க்கு எதுவும் ருசிக்காது. இந்த மூன்றையும் பதினோரு வருடமாக அவள் அளந்துகொண்டிருக்கிறாள்.

அளக்கிற மெஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரு ரத்தத்தை முதலில் காட்டி, “இதுதான் சரியான அளவு, இதை வைத்து மற்றதைப் பார்” என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று பாட்டிலில் அடைத்து விற்பார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு தடவை அந்தப் பாட்டில் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவசரத்துக்கு அவளிடமே ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். செம்பும் துத்தநாகமும் நடுவில் நின்றன. இரும்பு அட்சரம் பிசகாமல் நூறு. கூடத்தில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. “உங்களைப் பார்த்துத்தான் பாடப் புத்தகமே எழுதினாங்க போல” என்றார் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர்.

அன்றைக்குப் பிடித்தது இந்த வழக்கம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் ஒரு குழாய் ரத்தம் கொடுப்பாள். அதைச் சுழற்றித் தெளிந்த மஞ்சள் நீரைக் குட்டிக் குப்பிகளில் பிரித்து உறைய வைப்பார்கள். தினமும் காலையில் ஒரு குப்பி மெஷினுக்குள் போகும். மெஷின் நூற்றைவிடக் கூடக் குறையக் காட்டினால், நூறு வரும் வரைக்கும் மெஷினைத்தான் திருத்துவார்கள். அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்குப் பெயரே ‘நார்மல் அக்கா’ என்று ஆகிவிட்டது.

கொஞ்ச நாளாகக் கூடத்தில் ஒரு தலைவலி. வருகிற ரத்தத்தில் எல்லாம் இரும்பு கூடுதலாகக் காட்டியது. முதலில் ஒன்றிரண்டு பேருக்கு, அப்புறம் பத்துப் பேருக்கு, இப்போது பார்க்கிறவர்களுக்கெல்லாம்.

“ஊர்ல எல்லாரும் ஆணியை மென்னு தின்னுட்டு வர்றாங்களா?” என்றார் டாக்டர்.

குழாயை மாற்றினார்கள். தண்ணீரை மாற்றினார்கள். மருந்துக் கரைசலைப் புதுசாகத் திறந்தார்கள். செம்பு சரி, துத்தநாகம் சரி, இரும்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் மெஷின் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில், எல்லோருக்கும் எகிறுகிற மெஷினில் வாண்டு ஒருத்திக்கு மட்டும் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைச்சல், எட்டரைதான். முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் இரும்பு தொண்ணூற்றிரண்டு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது அவளேதான்.

“இரும்பு சரியா இருக்கும்மா. அதனால இரும்பு மாத்திரை கொடுக்கக் கூடாது, போய் ஈரல்ல படிஞ்சிடும்” என்று டாக்டர் வைட்டமின் எழுதிக்கொடுத்தார். அவளுக்கும் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. “உங்களுக்கு இரும்பு பார்க்கவே வேண்டாம், நூறுதான்” என்று பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வாண்டு சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போனாள். பசிக்குது என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டு மாதக்கணக்காகிறது. வெளியூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா ஃபோனில் கூப்பிட்டால்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அவள் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் துடைக்கப் போனாள். மகளுடைய கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. தூங்குகிற பிள்ளை ஒரு கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. குடிவந்த நாளிலிருந்தே அப்படித்தான் தூங்கும். கம்பி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்லும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வடக்குப் பக்கத்து ஜன்னல், அதில் எங்கிருந்து வெதுவெதுப்பு வரும் என்று அவள் கேட்டதே இல்லை.

துணியைக் கம்பியில் சுற்றி மேலிருந்து கீழாக இழுத்தாள். பாதியில் கை நின்றது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் குடிவந்த அன்று இதே கம்பிகளைத் துடைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. துரு தின்று, நடுவில் மெலிந்து, பென்சில் மாதிரி இருந்தன. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். துணி முழுக்கச் செம்பழுப்பாகிவிட்டது. மகள் படுக்கையில் துருப்பொடி உதிர்ந்து, ஒரு மாதம் வரைக்கும் தினமும் விரிப்பை உதற வேண்டியிருந்தது. இப்போது துணியில் ஒரு பொட்டு துரு இல்லை. கம்பி கருகருவென்று, எண்ணெய் பூசினதுபோல் பளபளத்தது. விரல்களை வளைத்துப் பிடித்துப் பார்த்தாள். தொடவில்லை. நடுவில் இன்னொரு விரல் நுழைகிற இடைவெளி.

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி. உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கெண்டைக்காலில் இருந்த வலி கரைந்தது, இடுப்பு வலி கரைந்தது, நாலு மாதமாக விட்டுப்போகாத அலுப்பு ஒரு மாதிரி இனிப்பாக மாறி, இப்படியே நின்றுகொண்டிருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது. எங்கோ ரொம்ப மெதுவாக டிக் என்று ஒரு சத்தம். சுட்ட தகரம் ஆறும்போது கேட்குமே, அந்த மாதிரி. கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் அவள் தினமும் கேட்கிற சத்தம்தான். குழாயில் தண்ணீர் வருகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அடுப்பில் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் விழித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். துணியை எடுத்து வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளங்கை கழுவின பீங்கான் மாதிரி வெளுத்திருந்தது. முகர்ந்தாள். சாவி வாடை.

கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டாள். ஒரு கட்டிலை இழுக்க மூன்று தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. பிறகு கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் போய், கம்பியை மாற்றினீர்களா என்று கேட்டாள்.

“நான் எதைம்மா மாத்தினேன்? பெயிண்ட் அடிச்சே ஏழெட்டு வருஷம் ஆச்சு. நல்லாத்தானே இருக்கு, விடேன்” என்றாள் அந்த அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் விடியற்காலை டிக் சத்தத்தில் கண் திறந்தபோது எதிர்ச் சுவர்க் கட்டில் காலியாக இருந்தது. வாண்டு ஜன்னலுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்தபடி, தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தூங்கினாள். அவள் அந்தக் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். பயப்படக்கூட முடியாத அசதி. பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பியிருக்கலாம்தான். எங்கே போவது, யார் பெட்டி கட்டுவது? அலுத்துப்போனவர்கள் செய்வதையே அவளும் செய்தாள். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டாள்.

வேலைக்குப் போகிற வழியில் தெருமுனை வெல்டிங் பட்டறையில் மட்டும் நின்றாள். வெல்டருக்கு முப்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தான்.

“தம்பி, ஒரு ஜன்னல் கிரில்லைக் கழட்டி எடுக்கணும்.”

“கழட்டிட்டு புதுசா என்ன போடணும்க்கா?”

“எதுவும் வேண்டாம். கழட்டினாப் போதும். கம்பி தடிச்சுக்கிட்டே போகுது.”

அவன் சிரித்தான். கிண்டல் இல்லாத சிரிப்பு. “பதினஞ்சு வருஷமா கம்பியோட மாரடிக்கிறேன். மெலிஞ்சு பார்த்திருக்கேன், தடிச்சுப் பார்த்ததில்லை. நீங்க நல்லாத் தூங்குறீங்களாக்கா? முகமே சரியில்லை.”

“தூக்கத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை” என்றாள்.

“நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு வர்றேன். அஞ்சரைக்கு என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும், அதுக்குள்ள முடிச்சிடலாம்.”

செவ்வாய்க்கிழமை வாண்டுவால் எழுந்து நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். கட்டிலில் படுக்க வைத்து, ஜன்னல் பக்கம் போனால் பார் என்று மிரட்டி, நடுநடுவே போய்ப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். அரை நாள் லீவு கேட்கலாம் என்று இருந்தாள். அதற்குள் மெஷின் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. போன வருடத்துக் குப்பி ஏதாவது மிச்சம் இருந்தால் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

உறைபெட்டியின் அடித்தட்டில், ஐஸ் இறுகிய மூலையில், ஒரே ஒரு குப்பி கிடைத்தது. மேலே அவளுடைய கையெழுத்தில் தேதி. இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு மூன்று மாதம் முந்தியது. அன்றைக்கும் நூறு என்று பதிவேட்டில் இருந்தது.

கரைய வைத்து மெஷினில் போட்டாள். மெஷின் கொஞ்ச நேரம் முனகிவிட்டு எண்ணைக் காட்டியது.

நானூறு.

மறுபடி போட்டாள். நானூற்று மூன்று.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. முதலில் டாக்டர்தான் வாயைத் திறந்தார்.

“மெஷின் மேல தப்பில்லை. ஊர்ல யாருக்கும் இரும்பு ஏறலை. உங்களுக்குத்தான் இறங்கியிருக்கு. மாசா மாசம் நீங்க இறங்க இறங்க, நாம மெஷினைத் திருத்தி உங்களை நூறாக்கிக்கிட்டே வந்திருக்கோம்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாலுல ஒரு பங்குதான் இருக்கும்மா உங்க உடம்புல. நீங்க எப்படி நடமாடுறீங்கன்னே தெரியலை.”

அவள் தன்னைப் பற்றி நினைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டை நாலால் வகுத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்துமூன்று. அதுவும் இரண்டு வாரத்துக்கு முந்தின கணக்கு. பிள்ளைக்கு வேண்டிய மருந்தை வேண்டாம் என்று தடுத்தது அவளுடைய ரத்தம்தான். கையெழுத்தும் அவளுடையதுதான்.

“எங்கேயாவது ரத்தம் போகுதா? உங்களுக்கோ, குழந்தைக்கோ?”

“இல்லையே, டாக்டர்.”

“அப்படி இருக்க முடியாதும்மா. இரும்பு உள்ளே வரத்தான் உடம்புல வழி இருக்கு. வெளியே தள்ள வழியே கிடையாது. ரத்தம் போனாத்தான் உண்டு. இவ்வளவு இரும்பு நாலு மாசத்துல எங்கே போச்சு?”

எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அளந்தே பார்த்திருக்கிறாள்.

“குழந்தையை உடனே அழைச்சிட்டு வாங்க, ரத்தம் ஏத்திடலாம்” என்று டாக்டர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து வீட்டுக்காரம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்தபடியே தூங்குதும்மா. எழுப்பினேன், எழுந்திரிக்க மாட்டேங்குது. சரி தூங்கட்டும்னு வந்துட்டேன். நான் இப்ப என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேனே, சாவி வாசல்ல கால்மிதிக்குக் கீழே இருக்கு.”

பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பிடித்த கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டாள். சாதாரணக் கம்பிதான், ஜில்லென்று இருந்தது. இருந்தாலும் மறுபடி பிடிக்க மனசு வரவில்லை. இரண்டு மாடி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். கடைசிப் படிகளைக் கையை ஊன்றி ஏறினாள். மணி நாலேகால்.

கதவைத் திறந்ததும் வாடை. வீடு முழுக்கச் சாவி வாடை.

படுக்கையறை மங்கலாக இருந்தது. வெளியே நல்ல வெளிச்சம், உள்ளேதான் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை விடவில்லை. கம்பிகள் காலையில் பார்த்ததைவிடப் பருத்திருந்தன. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் வானம் தெரிந்தது.

வாண்டு தரையில் முட்டி போட்டு, நெற்றியைக் கம்பியில் சாய்த்து, இரண்டு கைகளாலும் ஒரே கம்பியைப் பிடித்திருந்தாள்.

“வாண்டு.”

“ம்.”

“கையை எடு கண்ணு. ஆஸ்பத்திரி போகலாம்.”

“தூக்கம் வருதும்மா.”

அவள் மகளின் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. குனிந்து பார்த்தாள். நகம் இருந்தது. நகத்துக்குக் கீழே தோல் இருந்தது. தோல் எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெரியவில்லை. வெளுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி இருந்தது. நடுவே கோடு இல்லை.

டிக்.

அவள் தன் இரண்டு கைகளாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்தாள். என்னை எடுத்துக்கோ, அவளை விடு. வாய்விட்டே சொன்னாள். வெட்கமாக இல்லை. கம்பி அவள் கைக்குச் சூடாகவே இல்லை. ஜில்லென்று கிடந்தது. அவளிடம் எடுக்க இனி ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. “அக்கா” என்று வாசலில் குரல் கேட்டது. வெல்டர். கையில் கட்டிங் மெஷின், தோளில் வயர், கையுறை.

“என்னக்கா, பாப்பா கை மாட்டிக்கிச்சா?” அவன் மெஷினை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. “கம்பியை மேலேயும் கீழேயும் அறுத்திடலாம். அப்புறம் கம்பித் துண்டோட ஆஸ்பத்திரி போங்க. அங்கே எடுப்பாங்க.”

வாண்டுவின் கைக்கு ஒரு முழம் மேலே சக்கரத்தை வைத்தான். தீப்பொறி பறக்கும் என்று அவள் மகளின் கண்ணைப் பொத்தினாள். பொறி பறக்கவில்லை. கத்துகிற சக்கரம் ஈரக் கட்டையில் இறங்குவதுபோல் சத்தம் அடங்கி இறங்கியது. வெட்டிலிருந்து ஒரு மெல்லிய கோடு கசிந்து, கம்பி வழியாகக் கீழே வந்தது. சிவப்பு.

வாண்டுவின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. உதடு காகிதமாகிவிட்டது.

“நிறுத்து. நிறுத்து தம்பி.”

அவன் நிறுத்தினான். மெஷினைக் கதவோரத்தில் தள்ளி வைத்தான். “இது என்னக்கா?” அவள் மகளின் கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடினாள். இருந்தது. நூல் மாதிரி.

“என் பொண்ணுக்கும் இதே வயசுதான்” என்றான் அவன், சம்பந்தமில்லாமல். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் கசிவை ஒரு விரலால் தொட்டான். அப்படியே கம்பியை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தான். “சுடுதே.”

டிக். டிக். டிக்.

இவ்வளவு வேகமாக அவள் அதைக் கேட்டதில்லை. குனிந்தாள். வாண்டுவின் சுண்டு விரல் திறந்திருந்தது. தனியாக, முழுசாக, நுனியில் கொஞ்சம் சிவப்போடு.

அவன் கையை எடுத்துச் சட்டையில் துடைத்தான். சுண்டு விரல் மறுபடி மடங்கி ஒட்டிக்கொண்டது.

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறவளுக்கு மெஷின் வேண்டியதில்லை. நல்ல கை. காய்ப்புக்கு நடுவிலும் சிவந்த உள்ளங்கை, ரோஜா நிற நகம், முழங்கையில் தடித்த நரம்பு. இரும்போடே புழங்குகிற ஆள். ஒரு ஆணி என்ன, இரண்டு ஆணி இருக்கும்.

வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. ரொம்ப அலுத்துப்போன மனசு. அது ஒரு தடவைதான் சொன்னது.

“தம்பி.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தக் கம்பியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கோ. நான் விரலை ஒவ்வொண்ணா எடுத்துடறேன்.”

அவன் கையுறைக்குக் குனிந்தான்.

“அது வேண்டாம். வழுக்கும்.”

“சரிக்கா” என்றான். பிடித்தான்.

டிக் டிக் டிக் டிக். சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். தோல் மறுபடி தோலாகி, வெள்ளையாக, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வந்தது. கட்டை விரலில் மட்டும் ஒரு பொட்டுச் சாம்பல் நின்றது. அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். வாண்டு முழுசாக அவள் மடியில் விழுந்தாள்.

“வந்துடுச்சாக்கா?” என்றான் அவன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவைத் தாண்டினாள்.

“அக்கா.”

ஒரு படி. இன்னொரு படி.

“அக்கா, என் கை வர மாட்டேங்குதுக்கா.”

சுவரில் சாய்ந்து சாய்ந்து இறங்கினாள்.

“அக்கா, அந்த மெஷினை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துட்டுப் போங்கக்கா.” கோபம் இல்லை அந்தக் குரலில். கேட்டால் கொடுப்பாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் இன்னொரு ‘அக்கா’ கேட்டது, மெதுவாக, கொட்டாவியோடு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தெருவுக்கு வந்தாள். ஓட வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. தோளில் வாண்டு முனகினாள். “அம்மா, பசிக்குதும்மா.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாங்கித் தர்றேன் கண்ணு, என்ன வேணும்னாலும் வாங்கித் தர்றேன் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

இரண்டாவது மாடி ஜன்னலில் அவன் இரண்டு முஷ்டிகளும் தெரிந்தன. பின்னால் முகம். கத்தவில்லை. நெற்றியைக் கம்பியில் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, வேலை முடித்து வந்து அயர்ந்த ஆள் மாதிரி நின்றிருந்தான். சட்டைப் பையில் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் துணிவழியாக எரிந்து எரிந்து அணைந்தது. ஐந்தரை ஆகியிருக்கும். அவள் பார்க்கப் பார்க்கவே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கின. அவன் முகத்தில் முதலில் காது மறைந்தது, பிறகு கன்னம். கடைசியில் ஒரு கண்ணும் அரை வாயும் மட்டும் இருந்தன. அந்த அரை வாய், இதமாக இருக்கிறது என்பதுபோல், லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.